அரோராவில் ஆற்றுக்கு மேற்கே 1926ஆம் வருட வீடு: வாங்கலாமா?

ஈரோட்டுக்காரன்:

வணக்கம். ஐந்து வருடமாக இல்லினாய் மாநிலத்தில், அரோராவின் கிழக்கு ஓரத்தில், ரூட் 59 ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மனைவி வாரத்தில் மூன்று நாள் சிகாகோ போய்வருகிறாள். மகளுக்கு நான்கு வயது. சொந்த வீடு என்று முடிவு செய்து எட்டு மாதமாக அலைந்ததில் இரண்டு வீடுகள் மிஞ்சியிருக்கின்றன.

ஒன்று, பக்கத்து ஊரான நேப்பர்வில்லின் தெற்கில் புதிய டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு). இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. மற்றொன்று அரோராவின் பழைய ஊருக்குள், ஃபாக்ஸ் ஆற்றுக்கு மேற்கே, 1926இல் கட்டியது. முன்பக்கம் நம் ஊர்த் திண்ணை மாதிரி அகலமான தாழ்வாரம், ஓக் மரத் தரை, வாசலில் கூரையைத் தாண்டி வளர்ந்த மேப்பிள் மரம். தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்த மனைவி எழுந்துவரவே இல்லை. மீதி வீட்டை நானும் முகவரும்தான் சுற்றிப் பார்த்தோம்.

நண்பர்களிடம் சொன்னால், "பழைய ஊருக்குள்ளா? அங்கே எதற்கு?" என்கிறார்கள். பாலாஜி கோயில் இருக்கும் ஊர் என்பதற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது. அங்கே குடியிருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள், அப்படி என்னதான் இருக்கிறது? "அமைதி, மரங்கள், சரித்திரம்" எல்லாவற்றையும் முகவரே சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை:

நான் நேப்பர்வில்லில் இருக்கிறேன், அதனால் ஒருதலைப்பட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பள்ளி. அரோரா நான்கு கவுன்டிகளில் பரந்து கிடக்கும் ஊர். அரோரா என்று முகவரி இருந்தால் போதாது, வீடு எந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் வருகிறதோ அதன் பள்ளிகளில்தான் பிள்ளை படிக்கும். நீங்கள் இப்போது இருக்கும் பக்கம் 204ஆம் பள்ளி மாவட்டம். ஆற்றுக்கு மேற்கே போனால் 129. நம்மவர்கள் 204க்காகவே வீடு தேடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். விற்கும்போது வாங்க வருகிறவரும் அதையே கேட்பார்.

இரண்டாவது, பழைய வீட்டின் விலை என்பது முதல் தவணை மட்டுமே. சுவருக்குள் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பி இருந்தால் காப்பீடு கிடைப்பதே கஷ்டம். கழிவுநீர்க் குழாய் சுட்ட மண்ணாக இருக்கும். அந்த மேப்பிள் மரத்தின் வேர் இந்நேரம் அதற்குள் குடியேறியிருக்கும். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவையும் சோதிக்கவேண்டும் (இது புது வீட்டுக்கும் பொருந்தும்). சொத்து வரி இங்கே எங்கே போனாலும் அதிகம்தான், அதில் பழைய ஊருக்குச் சலுகை எதுவும் கிடையாது.

டவுன்ஹவுஸை வாங்குங்கள். தாழ்வாரத்துக்குப் பதில் ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுங்கள்.

காவேரிக்கரை:

தம்பி, நான் பதினாறு வருடமாக ஆற்றுக்கு மேற்கேதான் இருக்கிறேன். பிறந்தது கும்பகோணம். இங்கே வருவதற்கு முன் நேப்பர்வில்லில் புத்தம்புது வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்தவள், ஆகவே கணக்குப்பிள்ளை சொல்வது எதுவும் எனக்குப் புதிதில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

கோயிலுக்கு வருகிறவர்கள் நெடுஞ்சாலையில் வந்து இறங்கி, பெருமாளைச் சேவித்து, புளியோதரையைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கோயில் 1986இல் வந்தது. இத்தனை வருடங்களில் எத்தனை ஆயிரம் பேர் வந்திருப்பார்கள்! அங்கிருந்து கொஞ்சம் தென்கிழக்கே போனால் ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒன்பது வருடம் எனக்கும் தெரியாது.

அந்த ஊர் ஒன்று அல்ல, இரண்டு. 1834இல் மெக்கார்ட்டி சகோதரர்கள் வந்து ஆற்றோரத்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்தார்கள். பிறகு கிழக்குக் கரையில் ஓர் ஊரும் மேற்குக் கரையில் ஓர் ஊருமாக வளர்ந்து, 1857இல் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தார்களே தவிர, பொதுக் கட்டடங்கள் யார் கரையில் வருவது என்பதில் ஒத்துப்போகவில்லை. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று ஆற்றுக்கு நடுவில் இருக்கும் ஸ்டால்ப் தீவிலும் அதை ஒட்டியும் கட்டிவைத்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு அண்ணன் தம்பிகள் மண்வெட்டியைத் தூக்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் இந்த ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆயிற்று. இன்றைக்கும் கிழக்கு அரோராவுக்கு ஒரு பள்ளி மாவட்டம், மேற்குக்கு ஒன்று. அந்தத் தீவில்தான் 1931இல் கட்டிய பாரமவுண்ட் அரங்கம் இருக்கிறது. பெரிய இசை நாடகங்களை அங்கேயே தயாரித்து மேடையேற்றுகிறார்கள். நான் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்புவேன். புறநகரில் ஒன்பது வருடம் இருந்தபோது பால் வாங்கக்கூடக் கார் எடுத்தவள், சொல்கிறேன்.

உங்கள் மனைவிக்கு ரயில் முக்கியம் அல்லவா? பர்லிங்டன் ரயில் கம்பெனியின் பூர்வீகமே இந்த ஊர்தான். 1849இல் அரோரா கிளை ரயில்வே என்று ஆரம்பித்தது. சுண்ணாம்புக் கல்லில் வட்டமாகக் கட்டிய எஞ்சின் கொட்டகை நிலையத்தை ஒட்டி இன்னமும் நிற்கிறது. அங்கிருந்த ரயில் பட்டறையை 1974இல் மூடிவிட்டார்கள். 1990களில் அமெரிக்கக் கால்பந்து வீரர் வால்டர் பேட்டன் கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தக் கொட்டகையில் உணவகம் திறந்தார். இப்போதைய லாபம் என்னவென்றால், சிகாகோவிலிருந்து வரும் பாதை இங்கே முடிகிறது. ரூட் 59 அடுத்த நிலையம்தான், ஆனால் அங்கே நடைமேடையில் காற்றில் நின்று வண்டிக்குக் காத்திருக்கவேண்டும். இங்கே வண்டி நமக்காகக் காத்திருக்கும். ஜனவரி மாதத்தில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இனி வீடு. நானும் உங்கள் மனைவி மாதிரி முன்தாழ்வாரத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவள்தான். அந்த மயக்கம் முதல் குளிர்காலத்திலேயே தெளிந்துவிட்டது. அதன் பிறகும் ஏன் இருக்கிறேன் என்பதை ஒரு ஜன்னலை வைத்துச் சொல்கிறேன்.

மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று, மேலே தூக்கினால் நிற்காது, கையை எடுத்ததும் கில்லட்டின் மாதிரி இறங்கும். நான் பூரிக்கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்தேன். இரண்டு கோடைக்காலம் அப்படியே போயிற்று. ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். அவருடைய அப்பா பர்லிங்டன் பட்டறையில் வேலை பார்த்தவர். "அம்மா, இரண்டு வருடமாக உங்கள் ஜன்னலில் ஒரு கட்டை தெரிகிறதே, அது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. போய் ஒரு சுருள் கயிறும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் காலத்து ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் மரச்சட்டத்துக்குள் கூடு மாதிரி இடம் விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நம் ஊர்ப் படிக்கல் கணக்காக ஒரு நீள இரும்புக் குண்டு கயிற்றில் தொங்கும். கயிறு மேலே ஒரு சின்ன கப்பியில் ஏறி, இறங்கி, ஜன்னல் பலகையின் பக்கவாட்டுப் பள்ளத்தில் முடிச்சாக உட்கார்ந்திருக்கும். கிணற்று ராட்டினம்தான், வேறொன்றுமில்லை. இரண்டு குண்டுகளின் எடையும் சேர்ந்து ஜன்னலின் எடைக்குச் சமம் என்பதால் ஒற்றை விரலால் தூக்கி எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். என் ஜன்னலில் கயிறு இற்று அறுந்து, குண்டு கூட்டின் அடியில் கிடந்தது. சட்டத்தின் அடிப்பக்கம் இரண்டு திருகாணியில் ஒரு சிறு மூடி. அதைத் திறந்து கையை விட்டுக் குண்டை வெளியே எடுத்தோம். மூடியின் உள்பக்கம் யாரோ தச்சர் பென்சிலால் அளவு எழுதியிருந்தார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, புதுக் கயிற்றை அந்த அளவுக்கே வெட்டினார். சரியாக இருந்தது. மொத்த வேலையும் நாற்பது நிமிடம். அடுத்த ஜன்னலை நீங்கள் செய்யுங்கள் என்று உளியை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து காபி குடித்தார்.

நேப்பர்வில் வீட்டில் ஒன்பது வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஒன்றுதான் தெரியும், அதுவும் தபால் மாறி வந்ததால். அந்த ஜனங்கள் மேல் தப்பே இல்லை. எதுவும் பழுதாகவில்லை, யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டவேண்டிய அவசியம் வரவில்லை. இங்கே எனக்கு, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை எப்படித் திறந்துவிடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் மூன்றாம் வீட்டு அம்மாள். மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காட்டியவர் பின்வீட்டுக்காரர். என் பேஸ்மெண்ட் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடும் தேதியும் இருந்தன. 1996 ஜூலையில் ஒரே நாளில் இந்த ஊரில் கிட்டத்தட்ட 17 அங்குலம் மழை கொட்டியது. இல்லினாய் மாநிலத்தில் இருபத்துநான்கு மணி நேர மழைக்கு அதுதான் உச்சம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் தண்ணீர் இறைக்கும் பம்பு இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று பேட்டரியில். முந்தைய வீட்டுக்காரர் எனக்கு எழுதிவைத்த கடிதம் என்றே அதை வைத்துக்கொண்டேன். சுவருக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஜனவரியில் ரேடியேட்டர் மேல் இட்லி மாவை வைத்தால் விடியற்காலையில் பொங்கியிருக்கும். கிழக்குக் கரையில் மெக்சிகோக்காரர்களின் மளிகைக் கடைகளில் புளி, கொத்தமல்லி, நல்ல காரமான பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். மேற்கே நடந்தால் புரூஸ் காஃப் என்ற கட்டடக் கலைஞர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய வட்ட வீடு ஒன்று வரும். ராணுவக் கொட்டகைகளின் இரும்பு வளைவுகளே கூரைக்கு விலா எலும்பு. சுவர் கரி நிறம், இல்லை, கரியேதான், நிலக்கரிக் கட்டிகளை அடுக்கிய சுவர், நடுநடுவே கண்ணாடிக் கட்டிகள். யாரோ குடியிருக்கும் வீடு, தெருவிலிருந்துதான் பார்க்க முடியும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது விருந்தாளி வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

வீட்டைத் திரும்பப் பார்க்கப் போனால் பேஸ்மெண்டில் தலைக்கு மேல் ஓடும் உத்தரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் எழுத்தும் சில எண்களும் முத்திரை குத்தியிருந்தால், அது சியர்ஸ் என்ற கடைக் கம்பெனி தபாலில் விற்ற வீடாக இருக்கலாம். 1908 முதல் 1940 வரை விற்றார்கள். பின்னாளில் முழு வீட்டையும் எண் போட்ட மரத்துண்டுகளாகவே ரயிலில் அனுப்பினார்கள்; வாங்கியவர் புத்தகத்தைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளவேண்டியது. இந்த ஆற்றோர ஊர்களில் அப்படிப்பட்டவை நிறைய.

கணக்குப்பிள்ளை:

அக்கா, பூரிக்கட்டைக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் அதே ஜன்னலில்தான் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1978க்கு முந்தைய வீடு என்றால் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளவேண்டும். மேலும் கீழும் இழுக்கும் ஜன்னலில் மரமும் மரமும் உராய்ந்து அந்த பெயின்ட் தூசியாகும். தூசி ஜன்னல் விளிம்பில் படியும். நான்கு வயதுக் குழந்தை அங்கே கையை வைத்துவிட்டு வாயில் வைக்கும். உங்கள் பிள்ளைகள் அப்போது பெரியவர்களாக இருந்திருப்பார்கள். இவர் மகள் அப்படியில்லை. வீதியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்பதையும் நகராட்சியிடம் கேட்கவேண்டும்.

எல்ஜின் வாசி:

நான் அதே ஆற்றில் மேலே இருக்கும் எல்ஜினில், கடிகாரத் தொழிற்சாலைக்காரர்களுக்காக எழுந்த பழைய பகுதியில் ஒரு வீடு வாங்கி, நான்கு வருடத்தில் விற்றுவிட்டு வந்தவன். காவேரிக்கரை அம்மா சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கும் கிடைத்தார்கள். தங்கமான மனிதர்கள். ஆனால் கழிவுநீர்க் குழாய் உடைந்தபோது 11,000 டாலர் என்று விலை சொன்னவரிடம் அவர்கள் வந்து பேச முடியாதே. ஒப்பந்தக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு வாசலைத் தோண்டிப்போட்டு மூன்று வாரம் வரவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போய், கைக்குழந்தையும் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறெல்லாம் வீட்டுக்கே கொடுத்து, களைத்துப்போனோம். கையில் உளி பிடிக்கப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

எது எப்படியானாலும் வாங்குவதற்கு முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். சில நூறு டாலரோடு போகும்.

காவேரிக்கரை:

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. எனக்கு அது தோன்றாமல் போனது என் தவறு. நான் இங்கே வந்தபோது சின்னவன் பத்தாம் வகுப்பு. தம்பி, குழந்தை அறை ஜன்னல்களை நீங்களே சுரண்டாதீர்கள். ஈய வேலைக்கு அரசுச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், 2010இலிருந்து காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்கிறவர்களுக்கு அது கட்டாயம். மற்ற ஜன்னல் விளிம்புகளை ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் கூடவே கூடாது.

இன்னொன்று, கேட்க மறந்துவிட்டேன். வீடு நகராட்சி அறிவித்த வரலாற்றுப் பகுதிக்குள் வருகிறதா? வந்தால், வெளியே தெரியும் மாற்றம் எதற்கும் நகரின் வரலாற்றுப் பாதுகாப்பு ஆணையத்தின் சம்மதம் வேண்டும். மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க நினைத்தால் கேள்வி வரும். உள்ளே உங்கள் இஷ்டம், வழக்கமான பெர்மிட் மட்டும். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு. அது மட்டும் இருந்தால் சொந்தப் பணத்தில் செய்யும் மாற்றத்தைத் தடுக்காது. முகவர்கள் இந்த இரண்டையும் குழப்பிச் சொல்வார்கள். நகராட்சியிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய்ப் பார்த்தோம்.

உத்தரங்களில் முத்திரை எதுவும் இல்லை. சாதாரணமாக யாரோ கட்டிய வீடுதான் போலிருக்கிறது. பேஸ்மெண்ட் சுவரில் கோடும் இல்லை. ஆனால் பழைய நிலக்கரி கொட்டும் இரும்புக் கதவு ஒன்று இருந்தது, மகள் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றாள். பதினொரு ஜன்னல்களில் நான்கு பெயின்ட்டோடு ஒட்டிப்போயிருக்கின்றன, இரண்டு நிற்கவில்லை. மின்கம்பிகளை முந்தைய வீட்டுக்காரர் மாற்றிவிட்டார், அதற்குக் காகிதம் இருக்கிறது. பகுதி விவரம் நகராட்சியில் கேட்டேன், வரலாற்றுப் பகுதிக்கு ஒரு தெரு வெளியே இருக்கிறோம்.

நாங்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் தாமாகவே வந்து, "மரத்தின் வேரைப் பற்றி உங்களுக்கு யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். அந்தக் குழாயில் இரண்டு தடவை வேர் வெட்டியிருக்கிறார்களாம். முகவரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். வியாழக்கிழமை கேமரா விடுகிறோம். அதைப் பார்த்துவிட்டு விலை பேசுவதாக இருக்கிறேன். மனைவி தாழ்வாரத்தின் அளவை எடுத்துவிட்டாள், ஊஞ்சலுக்கு.

பள்ளி விஷயத்தில் இன்னும் மனம் தெளியவில்லை. 129ஐப் பற்றி அங்கே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

காவேரிக்கரை அம்மா, ஒரு கேள்வி. அந்த நிற்காத இரண்டு ஜன்னல்களும் குழந்தை அறையில் இல்லை, கூடத்தில்தான். சான்றிதழ்க்காரர் பெயின்ட்டைப் பார்த்து முடித்த பிறகு கயிறு மட்டும் நான் மாற்றலாம் என்று நினைக்கிறேன். என்ன கனத்தில் கயிறு வாங்கவேண்டும்?

காவேரிக்கரை:

பருத்திக் கயிறு, கால் அங்குலம். வாங்கவேண்டாம். என்னிடம் பாதிச் சுருள் மீதி இருக்கிறது.